மேடை ஏறுவதற்கு முன் யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் மதுரையில் பிறந்த திருநங்கை. சிகாகோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில், வீடில்லாத திருநங்கைகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் ஏற்பாடு செய்யும் சிறிய குழு ஒன்றில் உதவி செய்கிறேன். அதை நடத்துபவர்கள் கறுப்பினத் திருநங்கைகள். வரும் ஜூன் மாத ‘பிரைடு’ (பாலின, பாலியல் சிறுபான்மையினரின் பெருமித) விழாவில் எங்கள் நிறுவனம் எனக்கு ஒரு சமத்துவ விருதை அறிவித்திருக்கிறது. “உன் முகம் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. எங்களை அவர்கள் கூப்பிடமாட்டார்கள்” என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இன்னொரு பக்கம், ஊர்க்காரர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் என்னை ‘அவன்’ என்றே எழுதிக் கேலி செய்கிறார்கள். நகர அரசியல்வாதி ஒருவர் தம் ஆலோசனைக் குழுவில் சேரச் சொல்கிறார். 2025 அக்டோபரில் மறைந்த கறுப்பினத் திருநங்கைப் போராளி மிஸ் மேஜர் இந்த மாதிரி மரியாதைகளை மதித்ததே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விருதை மறுத்துவிடட்டுமா? யாருடைய விமர்சனத்தைக் காதில் போட்டுக்கொள்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிகாகோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

வாட்ஸ்அப் கேலியை முதலில் ஒதுக்கிவிடுவோம். நீங்கள் யார் என்பதையே ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதுவது விமர்சனம் ஆகாது. அதற்குப் பதில் எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அந்த மூத்தவர் சொன்ன ஒரு வாக்கியம்தான். அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மிஸ் மேஜர் கிரிஃபின்-கிரேசி நீங்கள் வாழும் சிகாகோவில் பிறந்தவர். 1969 ஜூனில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸார் சோதனைக்குள் நுழைய, அங்கிருந்தவர்கள் திருப்பி எதிர்த்த அந்த இரவில் உடனிருந்தவர். பிறகு சிறைக்குப் போனார். அங்கே, 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறையில் கைதிகள் நடத்திய கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான ஃபிராங்க் ஸ்மித்தைச் சந்தித்து, சிறைப்பட்டவர்களுக்காகப் போராடுவது எப்படி என்பதைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் சிறையிலிருக்கும் திருநர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பை 2015 வரை தலைமையேற்று நடத்தினார். இப்படிப்பட்டவர் மரியாதைகளைச் சந்தேகித்தார் என்பது உண்மை. எதற்காகச் சந்தேகித்தார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஸ்டோன்வாலுக்கு எதிரே கிறிஸ்டபர் பூங்கா இருக்கிறது. அந்தப் போராட்டத்தின் நினைவாக 1992-இல் அங்கே நான்கு சிலைகள் வைக்கப்பட்டன. நிற்கும் இரண்டு ஆண்கள், பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரண்டு பெண்கள். வெண்கலத்தில் வார்த்து, மேலே தூய வெள்ளை பூசியிருக்கிறார்கள். கறுப்பு முகம் ஒன்றுகூட இல்லை, திருநங்கை என்று சொல்லத்தக்க உருவமும் இல்லை. அவற்றை உடைத்துத் தூளாக்கிவிட்டு, அன்றைக்கு அங்கே நின்றவர்களை ஒத்த உருவங்களை வைக்க வேண்டும் என்று மிஸ் மேஜர் ஒரு நேர்காணலில் கொதித்துப் பேசினார். நினைவுச் சின்னம் எழுப்புவதே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அடி வாங்கியவர்களை விட்டுவிட்டு எழுப்பப்பட்ட சின்னத்தைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சிலைகளைப் பார்த்தவர் மார்ஷா பி. ஜான்சன். நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். 1970-இல் தோழி சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, தெருவில் கிடந்த இளம் திருநங்கைகளுக்குத் தங்க இடம் கொடுத்தவர். ஸ்டோன்வாலில் முதல் கல்லை எறிந்தவர் என்று இன்றைக்கும் பலர் அவரைப் புகழ்கிறார்கள். ஆனால் தாம் போய்ச் சேர்ந்தது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில், அதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது என்று அவரே ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார். தமக்குச் சேராத பெருமையைத் தாமே விலக்கிய அந்த நேர்மையை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தச் சின்னச் சிலைகள் பூங்காவுக்கு வர எத்தனை பேர் சாக வேண்டியிருந்தது என்று 1992-இல் அவர் கேட்டார். சிலைகள் திறக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 6-ஆம் தேதி அவருடைய உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. தற்கொலை என்று அவசரமாக எழுதி மூடிய கோப்பை, தோழர்களின் விடாப்பிடியால் 2012-இல்தான் காவல் துறை மீண்டும் திறந்தது.

அதற்குப் பிறகு மரியாதைகளுக்குக் குறைவில்லை. 2016-இல் அதிபர் ஒபாமா ஸ்டோன்வாலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 2020-இல் புரூக்ளினின் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு மார்ஷாவின் பெயர் சூட்டப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய கையோடு, அந்தத் தேசிய நினைவுச் சின்னத்தின் இணையதளத்திலிருந்து திருநரைக் குறிக்கும் சொல்லையே அரசு நீக்கியது. மேலிருந்து தரப்படும் அங்கீகாரத்தை மேலிருப்பவர் நினைத்தால் ஒரே நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நிறுவனத்தின் விருதும் அந்த வகைதான். வாங்கலாம், ஆனால் அதன்மேல் உங்கள் மதிப்பைக் கட்டிவைக்காதீர்கள்.

இனி நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். மிஸ் மேஜர் எல்லா மரியாதைகளையும் மறுத்தார் என்பது சரியல்ல. 2014-இல் சான்பிரான்சிஸ்கோ பிரைடு ஊர்வலத்தை முன்னின்று நடத்தும் கௌரவத்தை அவர் ஏற்றுக்கொண்டார். தம் பெயருக்குக் கிடைத்த கவனத்தைப் பிற்காலத்தில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் இடத்தை உருவாக்கினார். தென் மாநிலங்களில் நாள்தோறும் அவமானப்பட்டுப் போராடும் திருநர்கள் சில நாட்கள் வந்து தங்கி ஓய்வெடுக்க விருந்தினர் வீடும் நீச்சல் குளமும் அங்கே உண்டு. களைத்துப்போன ஒருத்தி, தன்னை யாரும் முறைத்துப் பார்க்காத குளத்தில் இறங்கி மிதப்பதற்கு அவர் கொடுத்த முக்கியத்துவத்தை எண்ணிப் பாருங்கள். “நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்” என்பதைச் சற்றுக் காரமான மொழியில் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவர் அவர். மற்றவர்களும் அதைச் சொல்லும்படி உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை.

அரசியலுக்கு அழைப்பு வந்திருப்பதால், ஆண்ட்ரியா ஜென்கின்ஸைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். அவரும் சிகாகோவில் வளர்ந்தவர்தான், கவிஞர், மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காகத் திருநர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தவர். 2017-இல் மினியாபொலிஸ் நகர மன்றத்துக்குத் தேர்வானபோது, அமெரிக்காவில் திருநங்கை என்று வெளிப்படையாக அறிவித்துத் தேர்தலில் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்று நாடே கொண்டாடியது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸாரால் கொல்லப்பட்ட தெருமுனை அவருடைய வட்டத்தின் எல்லையில் இருந்தது. செய்தியாளர்கள் முன் அவர் துயரத்தோடு ஒரு தேவாலயப் பாடலைப் பாடினார். இனவெறியைப் பொதுச் சுகாதார நெருக்கடி என அறிவிக்க வேண்டும் என்றார், நகர மன்றமும் அப்படியே அறிவித்தது. காவல் துறையைக் கலைப்போம் என்று அந்த ஜூனில் மேடையேறி உறுதியளித்த ஒன்பது உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அந்த உறுதிமொழி நிறைவேறவில்லை.

அடுத்த ஆண்டு பிரைடு விழாவின்போது, லோரிங் பூங்காவில் அவர் அமர்ந்திருந்த காரைப் போராட்டக்காரர்கள் மறித்தார்கள். கறுப்பினச் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்திட்ட பிறகுதான் காரை விட்டார்கள். தம்மை விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துவைத்தார்கள் என்று அவர் பின்னர் வேதனைப்பட்டார். ஒருவரை நகரவிடாமல் வைத்து வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பே கிடையாது என்பது என் கருத்து. ஆயினும், அவர்கள் கேட்ட கேள்வியை அந்தச் செயலின் தவற்றைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது: எங்கள் பெயரைச் சொல்லி மேலே போன நீங்கள், எங்களுக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்தீர்கள்? 2022-இல் அவர் மன்றத்தின் தலைவரானார். 2023 தேர்தலில் அவரை எதிர்த்தவர், ஃபிளாய்டுக்கு நீதி கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு கண்ணை இழந்த இளைஞர். ஜென்கின்ஸ் வென்றது வெறும் 38 வாக்கு வித்தியாசத்தில். ‘முதல்’ என்ற பட்டத்துக்காக மக்கள் எல்லாக் காலமும் கணக்குக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேட்பதும் நியாயம்தான்.

ஆகவே, அந்த மூத்தவர் உங்களைப் பொறாமையால் குத்திக்காட்டினார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல சம்பளமும் அலுவலக அடையாள அட்டையும் உள்ள உங்களைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்துக்கு எளிது. சிறைக்குப் போய்வந்த, வாடகைக்கு வீடு கிடைக்காத ஒரு கறுப்பினத் திருநங்கையை அதே மேடையில் ஏற்ற அவர்கள் தயங்குவார்கள். அவர் சொன்னதில் இருப்பது அவ்வளவுதான், அது உண்மையும்கூட. உங்களிடம் எதிர்பார்ப்பு இருப்பதால்தான் அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்.

விருதை மறுத்தால் உங்கள் மனம் லேசாகும். அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எனவே, நிறுவனத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள், முடிவெடுத்த பிறகு தகவல் சொல்லப் போகாதீர்கள். “இதை வாங்கினால் நம் குழுவுக்கு என்ன வர வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் பேசும்போது, குழுவுக்கு நன்கொடை, குழுவில் வேலை தேடுபவர்களுக்கு நேர்முகத் தேர்வு, ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் திருநர்களுக்கான சிகிச்சை, மேடையில் குழுவினரும் பேச நேரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். உங்கள் படத்தை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மழுப்பினார்கள் என்றால் தயங்காமல் மறுத்துவிடலாம். அப்போது அந்த மறுப்புக்கும் ஒரு பொருள் இருக்கும்.

ஆலோசனைக் குழுவை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அந்தக் குழுவுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரம் உண்டா, கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, முந்தைய பரிந்துரைகளில் எவை நடைமுறைக்கு வந்தன என்று அந்த அரசியல்வாதியிடம் கேட்டு எழுதுங்கள். பதில் வந்ததும் அதையும் அந்த மூத்தவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.