இடது கைக் கல்யாணமும் இளவரசியின் அறையும்

கே: ஜெர்மன் இளவரசிகள் மாப்பிள்ளை முகத்தையே பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டார்களா?

ப: பல சமயம் ஓவியத்தைப் பார்த்ததோடு சரி. மெக்லென்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற குட்டி நாட்டுச் சார்லட், 17 வயதில் கடல் கொந்தளிப்பில் அல்லாடி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1761 செப்டம்பர் 8 அன்று மூன்றாம் ஜார்ஜை முதன்முதலாகப் பார்த்தார், அன்றிரவே திருமணம். 15 பிள்ளைகள். ஒத்துப்போன ஜோடிதான். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

கே: ‘இடது கைக் கல்யாணம்’ என்றால் என்ன?

ப: அந்தஸ்தில் குறைந்த பெண்ணை மணக்கும்போது மணமகன் வலது கைக்குப் பதிலாக இடது கையைக் கொடுப்பார். முறையான திருமணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனைவிக்குக் கணவரின் பட்டம் இல்லை. பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை. ஹெஸ்ஸே இளவரசர் அலெக்ஸாண்டரின் தங்கை ரஷ்ய அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தங்கையின் தோழியான யூலியா ஹௌக்கேயை அலெக்ஸாண்டர் 1851இல் மணந்தார். யூலியாவுக்கு பாட்டன்பெர்க் என்ற ஊர்ப் பெயரில் ஒரு பட்டத்தை உண்டாக்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் லண்டனில் கசந்துபோக, ‘பெர்க்’ என்ற மலை ஆங்கிலமாகி முன்னால் வந்து உட்கார்ந்தது: மவுண்ட்பேட்டன். ஆம், 1947இல் டெல்லியில் இருந்த அதே வைசிராய்தான். யூலியாவின் பேரன்.

கே: லீசலோட்டே தன் மகனை எல்லோர் முன்னாலும் அறைந்தாராமே?

ப: வெர்சாய் அரண்மனையில் நடந்ததை எழுதி வைத்த சான்-சிமோன் அப்படித்தான் சொல்கிறார். ஹைடல்பெர்க்கில் பிறந்த லீசலோட்டேயை 1671இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போகிற வழியில், மெட்ஸ் நகரிலேயே, கத்தோலிக்கராக மாற வேண்டியிருந்தது. கணவருக்கோ நாட்டம் ஆண்கள் மேல். அதையும் பொறுத்துக்கொண்டார். பிறகு லீசலோட்டேயின் பெயரைச் சொல்லியே லூயி அவருடைய பிறந்த நாட்டின் மேல் உரிமை கோரிப் படையெடுத்து, 1689இல் ஹைடல்பெர்க்கையும் மன்ஹைமையும் கொளுத்தினார். கண்ணயர்ந்தாலே அந்த ஊர்களின் இடிபாடுகள் தெரிவதாக லீசலோட்டே அத்தைக்குக் கடிதம் எழுதினார். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும் எழுதினார்!

1692இல், மன்னருக்கும் ஆசைநாயகிக்கும் பிறந்த மகளை மணக்க 17 வயது மகன் சம்மதித்துவிட்டான். வழக்கம்போல அம்மாவின் கையை முத்தமிட நெருங்கினான். விழுந்த அறை சில அடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டதாம். எனக்கு இந்த அம்மாள் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் யூலியாவைப் படுத்திய அதே குலப்பெருமைதான் இந்தக் கையிலும் இருந்தது.

கே: விவாகரத்து உண்டா?

ப: உண்டு. செல்லே நகரத்து ஸோஃபி டோரதேயாவைக் கேட்டால் தெரியும். ஹனோவர் இளவரசர் கேயார்க் லுட்விக்கின் மனைவி. 1694இல் அவருடைய காதலர் கோனிக்ஸ்மார்க் ஓரிரவு மாயமானார். ஆண்டு முடிவதற்குள் மணமுறிவு. அப்போது மகனுக்கு வயது 11, மகளுக்கு 7. ஆல்டன் மாளிகையில் முப்பது ஆண்டுக் காவல். குழந்தைகளைப் பார்க்கவே விடவில்லை. கணவருக்கும் ஆசைநாயகி இருந்தார். அதை யாரும் விசாரிக்கவில்லை. 1714இல் அவர் முதலாம் ஜார்ஜாக பிரிட்டிஷ் மன்னரானபோது லண்டனுக்கு உடன் போனவரும் அந்த ஆசைநாயகிதான்.

கே: இன்றும் ஜெர்மனியில் இளவரசிகள் இருக்கிறார்களா?

ப: பெயரில் மட்டும். 1919 அரசியல் சட்டம் பிரபுத்துவச் சலுகைகளை ஒழித்துவிட்டு, பட்டங்களைப் பெயரின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆகவே ‘பிரின்செஸின்’ (இளவரசி) அங்கே குடும்பப் பெயரோடு சேர்ந்த ஒரு சொல். பக்கத்து ஆஸ்திரியாவில் அதற்கும் தடை.