துணை என்றால் கீழ்ப்பட்டவளா?

கேள்வி: ஏவாள் ஆதாமுக்குப் பிறகு, அவனுடைய விலா எலும்பிலிருந்து, அவனுக்குத் துணையாகப் படைக்கப்பட்டாள், ஆகவே பெண் ஆணுக்குக் கீழ்ப்பட்டவள் என்பதே படைப்பின் ஒழுங்கு என்று வேதபாட வகுப்பில் எனக்குக் கற்பித்தார்கள். ஆதியாகமம் அப்படித்தான் சொல்கிறதா?

பதில்: சொல்லவில்லை. உங்களுக்குக் கற்பித்தவர்கள் இரண்டாம் அதிகாரத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். முதல் அதிகாரத்தின் 27ஆம் வசனம், தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார் என்று கூறி, "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்று முடிகிறது. அங்கே 'மனுஷன்' என்பதற்கு மூலத்தில் உள்ள 'ஆதாம்' என்ற எபிரெயச் சொல் மனித இனம் முழுவதையும் குறிக்கிறது. அடுத்த வசனத்தில் ஆசீர்வாதமும், மீன்களையும் பறவைகளையும் விலங்குகளையும் ஆளும் பொறுப்பும் இருவருக்கும் சேர்த்தே, பன்மையில் கொடுக்கப்படுகின்றன. மனிதரில் ஒருவர் மற்றவரை ஆள வேண்டும் என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாம் அதிகாரத்தில் வரும் 'ஏற்ற துணை' என்ற தொடரைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துணை என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'ஏசெர்'. பழைய ஏற்பாட்டில் 21 முறை வரும் இச்சொல், இரண்டு முறை பெண்ணையும், பெரும்பாலான மற்ற இடங்களில் தம் மக்களுக்கு உதவ வரும் கடவுளையும் குறிக்கிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும் என்று 121ஆம் சங்கீதம் பாடும்போது, 'ஒத்தாசை' என்று தமிழில் நிற்பதும் இதே சொல்தான். தமிழிலும் 'தெய்வம் துணை' என்கிறோம். அப்படிச் சொல்லும் எவரும் தெய்வத்தைத் தம் வேலையாளாக எண்ணுவதில்லை. 'ஏற்ற' என்பதற்கு மூலத்தில் உள்ள தொடரோ, அவனுக்கு நேரெதிரே, முகத்துக்கு முகமாக நிற்பவள் என்ற பொருளைத் தருகிறது.

'விலா எலும்பு' என்பதற்கான 'ட்சேலா' என்ற சொல், யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தையும் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்தையும் குறிக்கிறது. எனவே மனிதனின் ஒரு பக்கமே எடுக்கப்பட்டது என்று வாசிக்கவும் இடமுண்டு. முந்திப் படைக்கப்பட்டதே மேலானது என்ற வாதமும் நிற்காது. முதல் அதிகாரத்தில் மனிதருக்கு முன்பே மீன்களும் மிருகங்களும் உண்டாக்கப்பட்டுவிட்டன.

"அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்ற சொல் மூன்றாம் அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில்தான் முதன்முதலாக வருகிறது. அது ஆதாமும் ஏவாளும் தேவனுடைய கட்டளையை மீறியதற்குப் பின் மனித உறவில் நேர்ந்த முறிவைச் சொல்லும் இடம். அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி, பூமி முள்ளையும் குருக்கையும் முளைப்பிக்கும் என்று வாசிக்கிறோம். வயலில் களை பிடுங்குவது கடவுளின் சித்தத்துக்கு விரோதம் என்று எந்தப் போதகரும் சொல்வதில்லை. பெண்மீதான ஆளுகையை மட்டும் நிலையான கட்டளையாகப் போதிப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்று 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் சொல்வதைச் சிலர் உங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடும். சபைகள் அதைப் பலவிதமாக விளக்குகின்றன. அவர்களோடு சேர்ந்து 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள்: பெண் ஆணிலிருந்து தோன்றினாள் என்று அங்கே எழுதும் பவுல், ஆணும் பெண்ணின் மூலமாகவே தோன்றுகிறான், எல்லாம் தேவனால் உண்டாயிருக்கிறது என்றும் உடனே சேர்த்து எழுதுகிறார்.