ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் பழுதாகும் மாகுலர் டீஜெனரேஷன் நோய் என்று சொல்லி வலது கண்ணில் மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். இடது கண்ணில் ‘உலர் வகை, நடுக்கட்டம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு 51 வயது, பார்வையில் குறை எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட் பிடிப்பேன். அம்மா சாப்பிடும் லூட்டீன் மாத்திரையை நானும் இப்போதே ஆரம்பித்தால் எனக்கு வராமல் தடுக்கலாமா? அம்மாவின் இடது கண்ணையாவது காப்பாற்ற முடியுமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ‘ஏரெட்ஸ்’ என்ற பெரிய ஆய்வு 2001இல் வெளியானது. உங்கள் அம்மாவைப் போல நடுக்கட்டத்தில் இருந்தவர்களையும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 28 பேருக்கு நோய் முற்றியது. வைட்டமினும் துத்தநாகமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 20. அதாவது மாத்திரை நோயை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தது. இந்த வயதில் அதுவே பெரிய லாபம்தான். ஆனால் நோயே இல்லாதவர்களுக்கும் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கும் அதே மாத்திரையால் பயன் தெரியவில்லை. வாங்கிச் சாப்பிட்டால் உங்கள் காசுக்குத்தான் கேடு.

அம்மாவின் டப்பாவைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு நாள் அளவு லூட்டீன் 10 மில்லிகிராம், ஸீயாக்ஸாந்தின் 2, வைட்டமின் சி 500, துத்தநாகம் 80, தாமிரம் 2, வைட்டமின் ஈ 400 யூனிட். இதுதான் 2013இல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பிந்தைய கலவை. கண் படம் போட்டு விற்பதெல்லாம் இந்த அளவில் இருப்பதில்லை. பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைப்பவர்களுக்கு அதனால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று தெரிந்ததும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லூட்டீனை வைத்தார்கள். மீன் எண்ணெய் கேப்சூலையும் அதே ஆய்வில் சோதித்தார்கள், கூடுதல் பலன் இல்லை. தட்டில் வரும் மீனும் கீரையும் வேறு கதை, அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். அம்மா வேறு மருந்துகள் சாப்பிடுகிறார் என்றால், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுத்துக்கொண்டால், இந்த டப்பாவை அந்த மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

சரி, உங்களுக்கு என்ன வழி? கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்களே, நாலைந்து சிகரெட், அதுதான். அம்மாவிடமிருந்து வந்த மரபணுவையும் ஏறும் வயதையும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் இருப்பவற்றில் புகைக்கு நிகராக வேறொன்று இல்லை. புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு.

காரணம் விழித்திரையின் வேலையிலேயே இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் தினமும் தங்கள் நுனியை உதிர்க்கின்றன. அடியில் இருக்கும் நிறமி செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. ஒரு நாள் லீவு கிடையாது, வாழ்நாள் முழுக்க இதே வேலை. வயதாக ஆக அந்தத் துப்புரவு தளர்ந்து, கழிவு மஞ்சள் புள்ளிகளாகப் படிகிறது. இந்தப் புள்ளிகளுக்குத்தான் ட்ரூசன் என்று பெயர். புகை அந்த செல்களையும் வாட்டுகிறது, அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. ‘குறைத்துவிட்டேன் டாக்டர்’ என்று பலர் சொல்வார்கள். குறைப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை, நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மாவின் இடது கண். உலர் வகை எப்போது வேண்டுமானாலும் ஈர வகையாக மாறலாம். விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவதுதான் ஈர வகை. வலது கண்ணில் நடந்தது இதுதான், ஊசி போடுவதும் இதற்குத்தான். வலி இருக்காது, கண் சிவக்காது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடும். என்னிடம் வந்த ஒருவருக்குக் குளிக்கும்போது ஒரு கண்ணில் சோப்பு பட்டிருக்கிறது. அதை இறுக்க மூடிக்கொண்டு நிமிர்ந்தால், சுவரில் டைல்ஸ் கோடுகள் நடுவில் நெளிந்து தெரிந்தன. சோப்புதான் காரணம் என்று கண்ணைக் கழுவித் திறந்தார், கோடுகள் நேராகிவிட்டன. நிம்மதியாகப் போய்விட்டார். கழுவியது நல்ல கண். நெளிவாகப் பார்த்தது மற்றது. அவர் என்னிடம் வர மூன்று வாரம் ஆனது.

அதனால் தினமும் காலையில் அம்மாவைப் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாகக் கையால் மூடி ஆம்ஸ்லர் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் புள்ளி வைத்த கட்டம் போட்ட தாள், கண் மருத்துவரிடம் கேட்டால் கொடுப்பார். படிக்கும் தூரத்தில் பிடித்து, புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கோடு வளைகிறதா, எங்காவது கட்டம் காணாமல் போகிறதா? புதிதாக ஏதாவது தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாளில் கூட்டிப் போங்கள். குழாய் கசிந்து தழும்பாகிவிட்டால் ஊசியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சீக்கிரம் போனால் இருக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். வலது கண்ணின் ஊசியையும் ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறதே’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடுவதால்தான் நன்றாக இருக்கிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, கண் பயிற்சி, சொட்டு மருந்து ஆகிய எதுவும் இந்த நோயைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்வதில் தவறில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா என்றாவது அறையில் இல்லாத பூக்களையோ குட்டி மனிதர்களையோ பார்த்ததாகச் சொன்னால் பதற வேண்டாம். பார்வை மங்கியவர்களில் சிலருக்கு மூளை தானே படம் போட்டுக்கொள்ளும். சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். பயந்துபோய், பைத்தியம் என்பார்களோ என்று வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. நீங்களாகவே கேட்டுப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த முறை அம்மாவுடன் போகும்போது உங்கள் கண்ணையும் காட்டுங்கள். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்.