அத்தையைத் திட்டிவிட்டு ஆலயத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்தான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. சென்னையில் இருக்கும் நாத்தனார் தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஜெபக்குழு நடத்துகிறார். "அம்மா எழும்பி நடப்பாங்க. நீ விசுவாசத்தோட ஜெபிக்கலை, அதுதான் தடை" என்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி, இரண்டாவது தடவையாகத் துணி மாற்றும்போது, "நீங்க போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடிவு" என்று அத்தையிடம் கத்திவிட்டேன். அவர் அழுதுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஆலயத்தில் அன்பின் அதிகாரத்தை (1 கொரிந்தியர் 13) வாசித்தார்கள். திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் என்னிடம் இல்லை. பழக்கத்துக்காக ஆலயத்துக்குப் போவது மாய்மாலம் இல்லையா? பிளஸ் டூ படிக்கும் மகள் வேறு, "இவ்வளவு ஜெபித்தும் ஆச்சிக்கு ஏன் சரியாகலை?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். எழுந்து முன்னால் போய் முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்களை உட்கார வைத்த வசனம் எது என்று தெரியும். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், போஜனபானம் பண்ணுகிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதற்குப் பயந்து, வீட்டில் சண்டை வந்த வாரமெல்லாம் பெஞ்சை விட்டு எழாதவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். ஆனால் அப்போஸ்தலன் பவுல் அதை யாருக்கு எழுதினார் என்று அதே அதிகாரத்தின் (1 கொரிந்தியர் 11) முன்பகுதியைப் பாருங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கொதிக்கிறார். முடிவில் சொல்லும் வழியும் நேரானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். தூக்கமில்லாமல் ஓய்ந்துபோன மருமகளைப் பந்தியிலிருந்து விரட்ட எழுதியது இல்லை அது. அதைக் கேட்டு யோசிக்க வேண்டியவர்கள் உங்கள் குடும்பத்தில் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

அன்பின் அதிகாரமும் அதே கடிதத்தில்தான், இரண்டு அதிகாரம் தள்ளி இருக்கிறது. கல்யாண ஆராதனையில் வாசித்து வாசித்து, மனம் ஒத்த தம்பதிக்கு எழுதிய வாழ்த்துமடல் போல அதை ஆக்கிவிட்டோம். கி.பி. 55-ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் எழுதியபோது, கொரிந்தில் கல்யாணக் களை ஒன்றும் இல்லை. நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று கட்சி கட்டிக்கொண்டு, சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்காடப் போன சபை அது. (நம் சபைத் தேர்தல் காலத்தை நினைத்துக்கொண்டால் போதும்.) அந்த அதிகாரத்தில் பிரியம் பொங்க வேண்டும், மனம் உருக வேண்டும் என்று ஒரு வரியாவது இருக்கிறதா, பாருங்கள். பொறுப்பது, தயவு காட்டுவது, சகிப்பது என்று எல்லாம் செய்கிற காரியம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் "விசுவாசத்தின் கிரியை", "அன்பின் பிரயாசம்", "நம்பிக்கையின் பொறுமை" என்றுதான் எழுதுகிறார். மூன்றும் உடம்பு நோகச் செய்கிற வேலைகள்.

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. இதுவரை முதுகில் ஒரு புண் வரவிடவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் நாத்தனாரிடம் போய்விட்டீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்த யாரிடமாவது அதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், அவர்களுக்குத் தெரியும். பகல், ராத்திரி பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கக்கூடாது. ஈரம் ஐந்து நிமிடம்கூடத் தங்கக்கூடாது. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். முதுகெலும்பு முடிகிற இடம் லேசாகச் சிவந்தாலே சுதாரித்துக்கொள்ள வேண்டும். ஆள் பலம் இருக்கும் ஆஸ்பத்திரிகளிலேயே புண் வந்துவிடுகிறது. தனி ஆளாக மூன்று வருடம் வரவிடாமல் வைத்திருக்கிற உங்களிடம் அன்பு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நீங்களே சொன்னாலும்.

சரி, கத்தியதற்கு வருவோம். அது தப்புதான். களைப்பில் வந்த வார்த்தை, பரவாயில்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. படுத்திருப்பவருக்குக் காது கேட்கிறது. பதில் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை. அதனால் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் முகம் துடைத்துவிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உணர்வு இருக்கும் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். ஏன் கத்தினேன் என்ற விளக்கமெல்லாம் அவருக்கு வேண்டாம். அவர் மறுபடி அழலாம். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்கு அடங்காமல் வருவது உண்டு. அடிக்கடி அப்படி நடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி அவர் அழுததை அந்தக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

அடுத்தது நம்பிக்கை. இதில்தான் உங்கள் வீட்டில் பெரிய குழப்பம் நடந்திருக்கிறது. அம்மா எழும்பி நடப்பார் என்பது ஒரு ஆசை. நல்ல ஆசைதான், அதற்காக ஜெபிப்பதிலும் தவறில்லை. ஆனால் பக்கவாதத்தில் பெரும்பாலான முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வந்துவிடுகிறது. மூன்று வருடம் கழித்து நடை வரவில்லை என்றால் அதற்குக் காரணம் மூளையில் ஏற்பட்ட சேதம். உங்கள் ஜெபம் அதற்குக் காரணம் இல்லை. நடக்கவில்லையே என்பதற்கு ஒரு ஆளைத் தேடி, பக்கத்திலேயே இருக்கிற மருமகளின் தலையில் பழியைக் கட்டுவதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் இதைத்தான். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டோனாவூர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு வீடு அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்றோ, கவனித்தவர்கள் சரியாக ஜெபிக்கவில்லை என்றோ உங்கள் நாத்தனார் சொல்வாரா? அந்தப் படுக்கையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். உங்கள் அத்தை புத்தகம் எழுத வேண்டியதில்லை. இன்றைக்கு வலியில்லாமல், ஈரமில்லாத விரிப்பில், தன்னை மதிக்கிறவர்கள் நடுவில் படுத்திருக்க வேண்டும். இனி நீங்கள் நம்பிக்கையோடு கேட்க வேண்டியது அதை. கேட்டால் கிடைக்கக் கூடியதும்கூட.

ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வராவிட்டால் போகட்டும். உங்களுக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள், 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். புலம்பலில் ஆரம்பிக்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்திலோ நம்பிக்கையிலோ வந்து நிற்கும். இது அப்படி நிற்பதில்லை. சிநேகிதரும் தெரிந்தவர்களும் விலகிப் போனார்கள் என்ற புலம்பலோடேயே முடிந்துவிடுகிறது. இதை எழுதியவனை மாய்மாலக்காரன் என்று யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. அதையும் வாசிக்கத் தெம்பில்லாத நாளில் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன தீர்க்கதரிசி அவர். வந்த தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார். தூதன் இரண்டாம் தரம் எழுப்பியபோதும் சாப்பாடுதான். உங்களுக்கு முதலில் வேண்டியது இடைவிடாத ஆறு மணி நேரத் தூக்கம். உபவாச ஜெபத்துக்குக் கூப்பிட்டால், இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மகளிடம், தெரியாது என்றே சொல்லுங்கள். பிளஸ் டூ பிள்ளைக்கு மழுப்பல் சட்டென்று பிடிபட்டுவிடும். பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசு சொன்ன இடத்தை யோவான் 9-ல் காட்டுங்கள். ஆச்சிக்கு நடந்தது யாருடைய குற்றமும் இல்லை என்று அவள் காதில் விழ வேண்டும். "தடை" என்று உங்கள் நாத்தனார் சொல்வதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள். மற்ற கேள்விகளோடு அவள் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இனி உதவி. இதுவரை சொன்னதையெல்லாம்விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் சொன்ன அந்த மூன்றும் ஒரு சபைக்கு, ஒரு கூட்டத்துக்கு எழுதினவை. உங்கள் வீட்டில் மூன்றையும் ஒரே ஆள் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் ஆமென் மட்டும் சொல்கிறார்கள்.

முதலில் உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று பதிந்துவிட்டு வாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். காற்று மெத்தை இல்லையென்றால் கணவரை வாங்கித் தரச் சொல்லுங்கள். மனசு தாங்காத ராத்திரிகளில் 14416-க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. கிறிஸ்தவள் இதற்கெல்லாம் போன் பண்ணலாமா என்று யோசிக்காதீர்கள். தாராளமாகப் பண்ணலாம்.

அப்புறம் உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) பேசுங்கள். ஜெபிக்க வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் நாலு பேர் வந்து, பாட்டுப் பாடி, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். டம்ளர் கழுவுகிற வேலை உங்களுக்கு மிச்சமாகும். வாரத்தில் இரண்டு மத்தியானம், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் அத்தையோடு இருந்தால் நான் தூங்குவேன் என்று கிழமை, நேரத்தோடு கேளுங்கள். அசனப் பண்டிகைக்கு ஊருக்கே சமைத்துப் போடுகிற சபைக்கு இது பெரிய காரியமா?

கணவரிடம், இந்த வருட லீவில் பத்து நாளாவது ராத்திரிப் பொறுப்பு அவருடையது என்று இப்போதே சொல்லி வையுங்கள். அது அவர் அம்மா.

கடைசியாக நாத்தனார். மாற்கு 7-ல் இயேசு ஒரு கூட்டத்தைக் கடிந்துகொள்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் உதவ வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்கள் அவர்கள். தினமும் ராத்திரி ஜெபக்குழு நடத்துகிறவருக்கு அந்தப் பகுதி தெரிந்திருக்கும். அதை நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டாம், சண்டைதான் வரும். கோபம் இல்லாத ஒரு நாளில் போன் பண்ணி, "மதினி, எனக்கு ஒருத்தியா முடியலை. மே மாசம் ரெண்டு வாரம் நீங்க வந்து அத்தையைப் பார்த்துக்கிடணும், நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்காக ஜெபிக்கிறேன் என்று அவர் சொன்னால், "சரி மதினி, எந்தத் தேதிக்கு டிக்கெட் போடட்டும்?" என்று கேளுங்கள்.