வாசகர் கேள்வி–பதில்: பெட்டியில் கிடந்த பாட்டும் பிற்காலப் பாட்டும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் சிலர் அவ்வூரில் ஞாயிறுதோறும் ஓர் ஒட்டுக்கடையில் கூடுகிறார்கள். அக்குழு வெளியிடாமல் வைத்திருந்த ‘டெமோ’ எனப்படும் மாதிரிப் பதிவுகள்தாம் உயர்ந்தவையா, பிற்காலத்தில் எழுதிய பாடல்களையும் அவற்றோடு சேர்த்து மதிக்கலாமா என்பதில் அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பது கடிதங்களிலிருந்து தெரிகிறது. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை இப்பகுதியை இந்த விவாதத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவன். மரத்தில் கட்டிய மங்கில் (கோப்பையில்) வடிந்த பால்தான் கலப்பில்லாதது. ஆசிட் ஊற்றி, உருளையில் கொடுத்து, புகை போட்டு எடுத்த சீட் அப்படியல்ல. டெமோவுக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்கிறேன். இளைஞர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*– ஓய்வுபெற்ற தொழிலாளி, சுங்கை சிப்புட்*

பதில்: ஐயா, உவமை நன்று. ஆனால் மங்கில் விட்ட பால் நெடுநேரம் பாலாகவே இருப்பதில்லை என்பதும், யாரும் கை வைக்காவிட்டாலும் அது தானே உறைந்து கட்டிப்பாலாகிவிடும் என்பதும் என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். டெமோவுக்கும் அதே நிலைதான். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த நாடாவை இன்று போட்டுக் கேட்கும்போது, அது பதிவான அன்றைய பாட்டாக நம் காதில் விழுவதில்லை. பிறகு வந்து நமக்கு மனப்பாடமாகிவிட்ட பாடலின் முன்வடிவமாகவே விழுகிறது. அந்தப் பழக்கத்தைக் கழித்துவிட்டு அதைக் கேட்க யாராலும் முடியாது.

1965இல் வந்த ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் தோன்றிய கிட்டார் வரி ஒன்றைப் பக்கத்திலிருந்த கேசட் கருவியில் பதிந்துவிட்டு மறுபடி உறங்கிப்போனதாகவும், காலையில் கேட்டால் அந்த வரி சிறிது நேரமும் அதன்பின் தம் குறட்டை நெடுநேரமும் பதிவாகியிருந்ததாகவும் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். அதுதான் முதல் டெமோ. அவ்வாண்டு மே 10ஆம் தேதி சிகாகோவின் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹார்மோனிகாவோடு ஒரு வடிவம் பதிவாயிற்று, அது நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டில், ஓசையைக் கரகரக்கச் செய்யும் ஃபஸ் பெட்டியைக் கிட்டாரோடு இணைத்து மறுபடி வாசித்தார்கள். அந்தக் கரகரப்பை ரிச்சர்ட்ஸ் ஓர் அடையாளமாகத்தான் வைத்தார். அந்த இடத்தில் பின்னர் பித்தளைக் குழல்கள் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். மற்றவர்கள் அதை ஏற்காமல், பதிவானதை அப்படியே வெளியிட முடிவு செய்தார்கள். ஆக, உலகம் முழுவதும் தெரிந்த அந்த ஓசையே அதை வாசித்தவர் கணக்கில் ஒரு மாதிரிப் பதிவுதான். கலப்பில்லாதது எது என்று தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், கடைசியில் குறட்டை நாடாவில்தான் போய் நிற்போம்.

கேள்வி: ‘ஸ்டார்ட் மீ அப்’ 1981ஆம் ஆண்டுப் பாடல் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அது எழுபதுகளின் டெமோ என்று மறுத்தார். யார் சொல்வது சரி?
*– கிட்டார் ஆசிரியர், சுங்கை சிப்புட்*

பதில்: இருவர் சொல்வதும் சரி. இந்த விவாதத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1981இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது. விற்பதற்குப் புது ஆல்பம் இல்லை. குழுவின் பாடகர் மிக் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் மனநிலையிலும் இல்லை. பதிவுப் பொறியாளர் கிறிஸ் கிம்சி பழைய நாடாக்களைத் தோண்டிப் பார்க்க முன்வந்தார். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றுதான் ‘ஸ்டார்ட் மீ அப்’. எழுபதுகளின் நடுவில் அதை ஜமைக்கா இசையான ரெகே தாளத்தில் வாசித்துப் பார்த்தார்கள். 1978இல் பாரிஸில் ‘சம் கேர்ள்ஸ்’ பதிவின்போதும் முயன்றார்கள். ரிச்சர்ட்ஸ் அதை ரெகே பாட்டாகவே நினைத்திருந்தார். அத்தனை ரெகே முயற்சிகளுக்கு நடுவே ராக் தாளத்தில் ஓரிரு முறை வாசித்த பதிவு நாடாவில் தங்கிவிட்டது. அதைத்தான் கிம்சி வெளியே எடுத்தார். மெருகேற்றி, ‘டாட்டூ யூ’ ஆல்பத்தின் முதல் பாடலாக வைத்தார்கள்.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘வெயிட்டிங் ஆன் எ ஃபிரெண்ட்’ இன்னும் பழையது. அதன் இசை 1972இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவானது. 1974இல் குழுவை விட்டு விலகிய மிக் டெய்லரின் கிட்டார் 1981ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒலிப்பது இதனால்தான். ஆனால் சொற்களில் பெரும்பகுதி, ஜாகரின் குரல், சன்னி ரோலின்ஸின் சாக்ஸஃபோன் ஆகியவை 1981இல் சேர்ந்தவை. மனிதன் முப்பதைத் தாண்டும்போது நட்பைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. 1972இல் 29 வயது ஜாகர் அந்த மெட்டுக்கு இப்படி ஓர் அமைதியான பாட்டை எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. மெட்டு காத்திருந்தது, அதற்குரிய வயது பிறகு வந்தது.

கேள்வி: பழைய இசைக்கு மேல் இப்போது குரல் பாடிச் சேர்த்துவிட்டு, ‘வெளிவராத பழைய பாடல்’ என்று விற்பது ஏமாற்று வேலை இல்லையா ஐயா?
*– ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்*

பதில்: 2010இல் மறுபடி வெளிவந்த ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். அதில் சேர்த்த ‘பிளண்டர்ட் மை சோல்’ பாடலின் அடித்தள இசை பழையது. ஜாகரின் குரல் புதியது. மிக் டெய்லரும் திரும்பி வந்து கிட்டார் வாசித்துச் சேர்த்தார். இதைக் குழு மறைக்கவில்லை. ஆகவே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எனினும், எந்தப் பகுதி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு பாடலுக்கும் கீழே குறித்திருக்க வேண்டும் என்ற உன் எதிர்பார்ப்பு முழுக்க நியாயமானது. வரலாறு என்று சொல்லி விற்பவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நாளில் இவர்கள் பெரும்பாலும் மெட்டைத்தான் முதலில் பதிந்தார்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஜாகர் வாய்க்கு வந்த ஓசைகளைப் பாடிவைப்பார். நம் திரையிசையில் தத்தகாரம் போட்டு வைத்துக்கொண்டு பிறகு வரி எழுதுவது போன்ற வழக்கம்தான் இது. ஆகவே பல நாடாக்களில் குரலே முழுமையாக இல்லை. அவற்றைக் கேட்கும் வடிவத்தில் கொடுக்க விரும்பினால் யாராவது வரி எழுதிப் பாடித்தான் ஆகவேண்டும்.

குரலும் சேர்த்து அன்றே பதிவானது எப்படி இருக்கும் என்று அறிய, அதே வெளியீட்டில் உள்ள ‘குட் டைம் விமன்’ பாடலைக் கேள். ‘டம்பிளிங் டைஸ்’ பாடலின் முன்வடிவம் அது. மெட்டின் எலும்பு ஒன்றுதான்; சொற்கள் வேறு, நடை விரைவு. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது, ஆனால் எங்கும் தங்காமல் ஓடிவிடுகிறது. அதே மெட்டை நடை தளர்த்தி, தாளம் சற்றே பின்தங்கி வரும்படி விட்டபோதுதான் ‘டம்பிளிங் டைஸ்’ பிறந்தது. டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸ் அடியை எங்கே வைக்கிறார் என்பதை மட்டும் இரண்டிலும் கவனித்துக் கேட்டால், இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் செய்த உழைப்பு என்னவென்று புரியும்.

கேள்வி: இந்தப் பழைய நாடாக்களெல்லாம் அண்மைக் காலத்தில் மட்டும் வரிசையாக வெளிவருவது ஏன்?
*– வாசகர், சுங்கை சிப்புட்*

பதில்: வியாபாரம் ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் பதிவான 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாதவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அறுபதுகளின் நாடாக்களை வைத்திருந்த நிறுவனங்கள் அதன்பிறகு விழித்துக்கொண்டன.

கேள்வி: டெமோ கட்சிக்காரர்கள் 1981க்குப் பிறகு இக்குழு உருப்படியாக எதையும் எழுதவில்லை என்கிறார்கள். கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுக்க வழி தெரியவில்லை.
*– ஒட்டுக்கடை நடத்துபவர், சுங்கை சிப்புட்*

பதில்: வழி இருக்கிறது, அண்ணே. அதை நிமிடக் கணக்கில் தேட வேண்டும்.

இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில நிமிடம்தான் நல்ல ஓசையோடு பதியலாம். அதனால் 1971இல் வந்த ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ 10 பாடல்களோடு 46 நிமிடத்தில் முடிந்தது. 1978ஆம் ஆண்டின் ‘சம் கேர்ள்ஸ்’ 10 பாடல்களோடு 41 நிமிடத்தில் முடிந்தது. பாரிஸில் அவர்கள் தேவைக்கு மேல் எத்தனையோ பதிந்திருந்தார்கள். இடமில்லாதவை பெட்டிக்குள் போயின. குறுந்தட்டு வந்தபின் 74 நிமிடம் கிடைத்தது. 1994இல் ‘வூடூ லவுஞ்’ 15 பாடல், 62 நிமிடம். 2005இல் ‘எ பிக்கர் பேங்’ 16 பாடல், 64 நிமிடம். எழுபதுகளாக இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருக்கும் ஐந்தாறு பாடல்களை இவர்களே ஆல்பத்துக்குள் வைத்துவிட்டார்கள். பழைய காலத்தின் மிச்சம் பெட்டியிலிருந்து புதையலாக வருகிறது. பிற்காலத்தின் மிச்சம் ஆல்பத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு நல்ல பாட்டையும் மறைக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது.

‘எக்ஸைல்’ 67 நிமிடம் ஓடுகிறதே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். அது இரட்டை இசைத்தட்டு. நான்கு பக்கத்துக்கும் தனித்தனி முகம் கொடுத்து அடுக்கினார்கள். அதற்கும்கூட 1972இல் கலவையான விமர்சனம்தான் கிடைத்தது.

‘எ பிக்கர் பேங்’ ஆல்பத்திலிருந்து பத்துப் பாடல்களை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்திக் கடையில் ஒலிக்கவிடுங்கள். 2004இல் சார்லி வாட்ஸ் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த வேளையில், ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இருவராகவே உட்கார்ந்து எழுதத் தொடங்கியவை அவை. ‘பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்ற மெதுவான புளூஸ் பாடலில் சறுக்குக் கிட்டாரை வாசிப்பவர் ஜாகரே. இருவரும் வெவ்வேறு நாட்டில் இருந்துகொண்டு ஆளுக்குப் பாதி எழுதிக் கொண்டுவந்து ஒட்டிய பாடல்களுக்கும், ஒரே அறையில் முகம் பார்த்து எழுதிய இதற்கும் உள்ள தூரம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அவர்களுக்குக் குறைந்தது திறமை அன்று, சேர்ந்திருக்கும் நேரம்.

கேள்வி: ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தை எந்தக் கட்சியில் சேர்ப்பது?
*– இளம் வாசகர், சுங்கை சிப்புட்*

பதில்: 2023 அக்டோபர் 20ஆம் தேதி வெளிவந்த இந்த ஆல்பம், ‘எ பிக்கர் பேங்’ வந்து 18 ஆண்டுக்குப் பிறகு அவர்கள் சொந்தமாக எழுதி வெளியிட்ட முதல் முழு ஆல்பம். 12 பாடல், 48 நிமிடம். பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் மூன்று பாடல்களில் கூட்டாசிரியராகவும் இருக்கிறார். அவர் எல்லா ஓசையையும் அளவுக்கு மேல் தீட்டிவிட்டார் என்பதே என் குறை. ‘ஆங்ரி’ பாடலில் கிட்டார்களுக்கு இடையே மூச்சுவிட இடமில்லை. ஆனால் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ அப்படியல்ல. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் ஓய்ந்து, லேடி காகாவும் ஜாகரும் ஒருவரையொருவர் சீண்டிப் பாட, மறுபடி மெல்ல எழுகிறது. எண்பதை நெருங்கிய வயதில் எழுதிய பாடல் என்ற சலுகை அதற்குத் தேவையில்லை; எழுபதுகளின் எந்த ஆல்பத்திலும் அதை வைக்கலாம்.

கட்சி பிரிப்பதற்கு முன் ‘லிவ் பை த ஸ்வோர்ட்’ பாடலைக் கேட்டுவிடு, தம்பி. அதில் டிரம்ஸ் வாசிப்பவர் 2021 ஆகஸ்டில் மறைந்த சார்லி வாட்ஸ். அவர் வாசித்தது 2019இல். பேஸ் கிட்டார் வாசிப்பவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குழுவை விட்டுப் போன பில் வைமன். அதற்காகவே திரும்பி வந்தார். மறைந்தவரின் பழைய பதிவின் மேல் மற்றவர்கள் பிறகு வாசித்துச் சேர்த்த அந்தப் பாட்டை உங்கள் கூட்டத்தின் எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.