கற்பிப்பதா, சிகிச்சை செய்வதா – கடிதம்

வணக்கம்.

பிசியோதெரபியில் எம்.பி.டி. முடித்து ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மாலையில் நண்பரின் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறேன். கிளினிக்கை விட்டுவிட்டு பிஎச்.டி.க்குப் பதிவு செய், கட்டுரை போடு என்று கல்லூரியில் சொல்கிறார்கள். நண்பரோ, இந்தச் சம்பளத்துக்கு ஏன் அல்லாடுகிறாய், முழு நேரமும் இங்கேயே வந்துவிடு என்கிறார். கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததுமே “கரண்ட் வையுங்க” என்றுதான் கேட்கிறார்கள். கல்லூரியில் மாணவர்கள், மூட்டைக் கையால் எந்த அளவுக்கு அசைக்க வேண்டும் என்று சொல்லும் மெய்ட்லேண்ட் கிரேடுகளை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் அரைகுறையாக நிற்பதுபோல் இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர் யாராவது உண்டா? பிஎச்.டி. அவசியம்தானா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடும் ஆள் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார். உங்கள் மாணவர்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் அந்த மெய்ட்லேண்ட்தான்.

ஜெஃப்ரி மெய்ட்லேண்ட் 1924இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலிய விமானப் படையில் சேர்ந்து பிரிட்டனில் பணியாற்றினார். ஊர் திரும்பி 1946 முதல் 1949 வரை பிசியோதெரபி படித்தார். ராயல் அடிலெய்டு மருத்துவமனையிலும் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். அப்புறம் சொந்த கிளினிக், கூடவே பிசியோதெரபிப் பள்ளியில் பகுதி நேர ஆசிரியர் வேலை. இன்று நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் அவரும் நின்றார். அதை அவர் இடைக்கால ஏற்பாடாக நினைக்கவில்லை. நோயாளியைப் பார்ப்பதும் மாணவருக்குச் சொல்லித்தருவதும் கடைசிவரை சேர்ந்தேதான் போயின.

வாரத்தில் அரை நாளை நூலகத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். முதுகையும் கழுத்தையும் கையால் சரிசெய்வது பற்றி ஆஸ்டியோபதிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், கைரோபிராக்டிக்காரர்கள் வேறொன்று சொன்னார்கள், லண்டனில் ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர் இன்னொன்று சொன்னார். ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்ளாதவர்கள். மெய்ட்லேண்ட் எல்லாரையும் படித்தார். 1961இல் மனைவி ஆனுடன் வெளிநாடு போய் அவர்களில் பலரை நேரில் பார்த்தார். 1964இல் முதுகெலும்புச் சிகிச்சை பற்றிய அவருடைய முதல் புத்தகம் வந்தது. அவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர் ஆன்தான். அடுத்த வருடமே அடிலெய்டில் பட்டம் முடித்தவர்களுக்கான மூன்று மாதப் பயிற்சி தொடங்கியது.

இதெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாணவர்களை அவர் முதல் நாளிலிருந்தே எழுத வைத்தார். என்ன கேட்டாய், நோயாளி என்ன சொன்னார், கை எதை உணர்ந்தது, என்ன செய்தாய், செய்த பிறகு என்ன மாறியது, எல்லாம் தாளில் இருக்க வேண்டும். எழுதினால்தான் நாம் செய்ததை நாமே எடைபோட முடியும் என்பது அவர் எண்ணம். அந்த முறையில் எழுதப்பட்ட ஒரு கேஸ் ஷீட்டில் சில வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அடுத்த முறை வரும்போது மறக்காமல் சோதிக்க வேண்டியவை அவை.

என் அம்மாவுக்குத் தோள் இறுகிப் போனபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மாவும் முதலில் கரண்ட் வைக்கத்தான் கேட்டார். அந்த பிசியோதெரபிஸ்ட் மெஷினைத் தொடவில்லை. “தலை வாரினால் வலிக்குதாம்மா? வாரி முடிச்ச பிறகு எவ்வளவு நேரம் அந்த வலி நிக்குது?” என்று கேட்டார். ராத்திரி வரை விடுவதில்லை என்றார் அம்மா. சின்ன வேலைக்கே கிளம்பி, லேசில் அடங்காத வலி அது. அப்படிப்பட்ட மூட்டைக் கொஞ்சம் அழுத்தினாலும் இரவெல்லாம் தூங்கவிடாது. அதனால் அன்றைக்கு முதலிரண்டு கிரேடுகளோடு நிறுத்திக்கொண்டார். முதல் கிரேடு, அசைவின் தொடக்கத்திலேயே சின்னச் சின்ன ஆட்டம். இரண்டாவது, இறுக்கம் தொடங்கும் இடத்தைத் தொடாமல் கொஞ்சம் பெரிய ஆட்டம். இறுக்கத்துக்குள் போகும் மூன்றும் நான்கும் வலி தணிந்த பிறகுதான் வந்தன.

சிகிச்சைக்கு முன்னால் அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, கை எதுவரை ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். முடிந்ததும் மறுபடி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டாவது கோடு விரல் அகலம்தான் மேலே இருந்தது. ஆனால் அம்மா அதற்கப்புறம் கரண்ட் பேச்சையே எடுக்கவில்லை. மெஷின் கேட்கும் உங்கள் நோயாளிகளுக்கும் இப்படி ஒரு கோட்டைக் காட்டிப் பாருங்கள். தனக்குக் குணமாகிறதா இல்லையா என்று பார்க்க அவர்களுக்கு இன்னும் யாரும் வழி காட்டவில்லை, அவ்வளவுதான்.

கிரேடுகளை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த முன்பின் சோதனை தெரியாமலே போய்விடுகிறது. நோயாளி இல்லாத வகுப்பில் அதைச் சொல்லித்தரவும் முடியாது. நீங்கள் கிளினிக்கை விட்டால் உங்கள் மாணவர்களுக்குத்தான் முதல் நஷ்டம் என்று நினைக்கிறேன். அதேபோல, கேள்வி கேட்க மாணவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் ‘ஏன் இதைச் செய்தேன்’ என்று உங்களை நிறுத்திக் கேட்க ஆளிருக்காது. இரண்டு இடத்திலும் அரைகுறையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கிடப்பதுதான் உங்களை அலைக்கழிக்கிறது. மாலையில் பார்த்த கேஸ் மறுநாள் வகுப்புக்கு வருகிறதா? வகுப்பில் வந்த கேள்வியோடு மாலையில் நோயாளியிடம் போகிறீர்களா?

1976இல் ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கம், மருத்துவரின் பரிந்துரை இருந்தால்தான் நோயாளியைப் பார்க்கலாம் என்ற தன் விதியை நீக்கியது. தானே பரிசோதித்து, எழுதி, முடிவெடுக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே அதற்குள் உருவாகியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, பிஎச்.டி. விஷயம். மெய்ட்லேண்ட் வழியில் வந்தவர்கள் அவர் சொன்னதை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. க்வென்டலின் ஜல் என்ற பிசியோதெரபிஸ்ட், பிற்பாடு குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர், 1988இல் ஒரு சோதனைக்குத் தன் கையையே உட்படுத்தினார். கழுத்து வலியுள்ள 20 பேர். எந்த மூட்டிலிருந்து வலி வருகிறது என்று அவர் கையால் தொட்டே சொல்ல வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்த முடிவோடு அதை ஒப்பிட்டார்கள். 15 பேருக்கு மூட்டில்தான் வலி, அத்தனை பேரையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஆய்வில் உடனிருந்த மருத்துவர் நிக்கோலாய் பாக்டக், 2007இல் வேறு சிலரோடு இன்னும் நிறையப் பேரை வைத்துச் சோதித்தபோது கையின் கணிப்பு அவ்வளவு நம்பகமாக இல்லை. முள்ளெலும்பின் விறைப்பை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் இரண்டு முடிவு வருவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விரல் நுனி சொல்வதை அப்படியே நம்பும் பகுதி இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. செய்வதற்கு முன்னும் பின்னும் சோதித்து எழுதும் பழக்கத்தை அது அசைக்கவில்லை. மாணவர்களிடம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2002இல் ஜல் குழுவினர் கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி உள்ள 200 பேரிடம் கைச் சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் சோதித்தார்கள். இரண்டுமே பலன் தந்தன, ஒரு வருடம் கழித்தும் அது நீடித்தது. அந்தப் பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மல்லாந்து படுத்து, கழுத்துக்கு அடியில் காற்றடைத்த சின்னப் பையை வைத்துக்கொண்டு, ‘சரி’ என்று தலையாட்டுவதுபோல் மெதுவாக முகவாயை இறக்க வேண்டும். பையின் அழுத்தத்தை முள் காட்டும். இந்தப் பயிற்சி, நோயாளியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் தோன்றியிருக்கும்.

அதனால் பிஎச்.டி. செய்யுங்கள், தலைப்பை மட்டும் வழிகாட்டி கொடுத்த பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். நண்பரின் கிளினிக்கில் இந்த மாதமே கேஸ் ஷீட்டுகளை ஒழுங்காக எழுதத் தொடங்குங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப உங்களைத் தடுக்கிறது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். கல்லூரியில் உங்கள் நிபந்தனையாக ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: வாரத்தில் ஒரு முற்பகல், ஓ.பி.யில், மாணவர்கள் சுற்றி நிற்க நீங்கள் நோயாளியைப் பார்க்க வேண்டும். மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது நண்பரின் யோசனையைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்.