தாழ்மையும் தன்மதிப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

15 வருடமாக எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் நடத்துகிறேன். போன மாதம் கமிட்டியில் ஒரு மூப்பர் எல்லார் முன்பும், "வேதம் சொல்லிக்கொடுக்க உனக்கு என்ன தகுதி?" என்று கேட்டார். பதில் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வீட்டில், "தாழ்மையாய் இரு, கர்த்தர் உயர்த்துவார்" என்கிறார்கள். ஜெபத்தில் "நானோ ஒரு புழு" என்று சொல்லியே பழகியவள் நான். ஆனாலும் வலிக்கிறது. வலிப்பதே பெருமையின் அடையாளமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. அவமானப்பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

அந்தப் புழு 22ஆம் சங்கீதத்தில் வருகிறது. வசனத்தின் மீதியையும் படியுங்கள்: "மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்." மிதிபட்டவன் தேவனிடம் அழுது முறையிடுகிறான். அந்த முறையீட்டை நாம் தினசரி ஜெபத்தில் நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் பெயராக்கிவிட்டோம். தேவன் மனிதனை மகிமையினாலும் கனத்தினாலும் முடிசூட்டினார் என்கிற 8ஆம் சங்கீதமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லி ஜெபிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாழ்மை என்றதும் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்வோம். அவர் சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொள்வது யோவான் 13இல், 4ஆம் வசனம். 3ஆம் வசனத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் "அறிந்து" அவர் எழுந்தார் என்கிறது அது. தாம் யாரென்று தெரிந்தவர், தாமாகக் குனிந்தார். அதே இரவு, பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் அவரை அறைந்தான். அப்போது அவர் பேசாமல் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார்.

அடுத்தவர் நம்மேல் ஏற்றும் இழிவுக்குப் பணிவு என்று பெயர் வைப்பது பழைய வழக்கம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டதே அகந்தையாகப் பார்க்கப்பட்டது. கிறிஸ்தவர்களான பெண்கள் போட்டார்கள், அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859இல் அனுமதி வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பாட்டிகளைப் பெருமைக்காரிகள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சரி, பெருமை என்ற பாவம் இல்லையா? இருக்கிறது. தன்னைக்குறித்து மிஞ்சி எண்ணாமல் "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ணச் சொல்கிறார் பவுல், ரோமர் 12இல். குறைத்து எண்ணச் சொல்லவில்லை. 15 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பது உள்ள கணக்கு. அதை மறைக்க வேண்டாம்.

அந்த மூப்பரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். "ஐயா, நான் எதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்?" என்று கேளுங்கள். அவர் ஒன்றைக் காட்டினால் திருத்திக்கொள்ளலாம். காட்டவில்லையென்றால், அன்று எல்லார் முன்பும் கேட்டது வலித்தது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வகுப்புக்குப் போங்கள்.

அன்புடன்,
அண்ணன்